“ஒரு ஹெக்டேர்னா எவ்வளவு பெருசு?” - அரிட்டாபட்டி வரப்புகளில் ஒரு பங்குனி நடை!

“அக்கா, ஒரு ஹெக்டேர்னா எவ்வளவு பெருசு?”

வரப்பில் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்த நான்காம் வகுப்புச் சிறுமி சட்டென நின்று திரும்பிக் கேட்டாள். பின்னால் வந்த பத்துப் பேரும் ரயில் பெட்டிகள் மாதிரி ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொண்டு நின்றோம்.

“கிட்டத்தட்ட ரெண்டரை ஏக்கர்டா.”

“ஏக்கர்னா?”

“நூறு சென்ட்.”

“சென்ட்டா? மேல அடிச்சுக்குவாங்களே, அதுவா?”

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன். ஆனால், உள்ளுக்குள் சுருக்கென்றது. 2024 நவம்பரிலிருந்து 2025 ஜனவரி வரை ‘2015.51 ஹெக்டேர்’ என்று நான் டைப் செய்த செய்திகளுக்குக் கணக்கே கிடையாது. சென்னையில் ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு, அரிட்டாபட்டி என்ற பெயரைத் தலைப்பில் போட்டு, வாசகர்களின் செல்போனுக்கு அலெர்ட் அனுப்பியவள் நான். ஒரு ஹெக்டேர் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்று ஒருநாள்கூட யோசித்ததில்லை.

அந்தக் குறையைத் தீர்த்துக்கொள்ளத்தான் பங்குனி மாத ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், இந்தக் கூட்டத்தோடு நடக்க வந்திருந்தேன்.

அதிகாலை ஆறு மணி, முப்பது பேர்

மதுரையிலிருந்து மேலூர் போகும் நான்கு வழிச்சாலையில் நரசிங்கம்பட்டி பக்கம் திரும்பி உள்ளே போனால் அரிட்டாபட்டி. மதுரையிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர். வாட்ஸ்அப்பில் தகவல் பரிமாறி, அவரவர் வண்டியில் வந்து சேர்ந்திருந்தோம். ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர், கழுத்தில் பைனாகுலரோடு இரண்டு கல்லூரி மாணவர்கள், மகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்த ஒரு டீச்சர், அறுபதைத் தாண்டிய ஒரு தம்பதி. ‘சுகர் இருக்கு, டாக்டர் நடக்கச் சொல்லிட்டாரு. சும்மா பார்க்கையே சுத்துறதுக்கு இங்க வரலாமே’ என்றார் அந்த ஐயா.

கூட்டமாக நடந்துபோய் ஊர்களைப் பார்க்கும் பழக்கம் மதுரைக்குப் புதிதல்ல. எழுத்தாளர் அ.முத்துகிருஷ்ணன் தொடங்கிய ‘பசுமை நடை’ 2010-லிருந்தே மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளுக்கும் பழைய சின்னங்களுக்கும் மக்களை அழைத்துப் போய்க்கொண்டிருக்கிறது. அதைப் பார்த்து, இப்போது சின்னச் சின்னக் குழுக்களும் கிளம்பிவிட்டன. எங்களுடையது அப்படி ஒரு சின்னக் குழு.

அன்றைய திட்டம், அரிட்டாபட்டியிலிருந்து மீனாட்சிபுரம் வரை. தார்ச்சாலையைத் தவிர்த்து, முடிந்தவரை கண்மாய்க் கரையிலும் வரப்பிலும் நடப்பது. வழிகாட்ட வந்த உள்ளூர் விவசாயி அண்ணன் தோளில் துண்டோடு நின்றார். ஷூ போட்டு வந்திருந்தவர்களைப் பார்த்து, “வரப்புல ஈரமிருந்தா இது வழுக்குமே... பாத்து வாங்க, விழுந்தாலும் வயல்லதான் விழுவீக. அடிபடாது” என்றார். அத்தோடு பாதுகாப்பு அறிவுரை முடிந்தது.

பேரிலேயே நெல் இருக்கும் ஊர்க்காரர்

முதலில் கழிஞ்சமலை. பெயர்தான் மலை. வெயிலில் காய்ந்து வெளுத்த ஒரு பெரிய பாறைக்குன்று. அதன் குகைத் தளத்தில் சமணத் துறவிகள் தங்குவதற்கான கற்படுக்கைகளும், சுமார் 2,200 ஆண்டுகள் பழைமையான தமிழ் பிராமி எழுத்துகளும் இருக்கின்றன. அந்தக் குகையை அமைத்துக் கொடுத்தவர் யார் என்பதைத்தான் அந்த எழுத்துகள் சொல்கின்றன. அவர் பெயர் வெளியன், ஊர் நெல்வேலி.

“கோயில் கட்டினவன் பேரு தெரியும். ஒரு குகையைச் செதுக்கிக் கொடுத்தவன் பேரும் தெரியுது பாருங்க” என்று வங்கி அதிகாரி ஆச்சர்யப்பட்டார். எனக்குப் பிடித்தது ஊரின் பெயர். அப்போதே அதில் நெல் இருக்கிறது.

அதே மலையில் மகாவீரரின் புடைப்புச் சிற்பமும், அதன் கீழே வட்டெழுத்துக் கல்வெட்டும் இருக்கின்றன. இன்னொரு பக்கத்தில், பாறையைக் குடைந்து எடுத்த சிவன் கோயில். பாண்டியர் காலத்தில், 8-ம் நூற்றாண்டு வாக்கில் உருவானது. வாசலில், தமிழ்நாட்டில் அரிதாகவே காணக் கிடைக்கும் லகுலீசர் சிற்பம். ஊர்க்காரர்கள் இந்தக் குடைவரையை ‘இடைச்சி மண்டபம்’ என்கிறார்கள்.

மேலே வானத்தில் ஏதோ ஒன்று வட்டமிட்டது. மாணவர்கள் பைனாகுலரைத் தூக்கினார்கள். அரிட்டாபட்டிப் பகுதியில் சுமார் 250 வகைப் பறவைகள் பதிவாகியிருக்கின்றன. லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, போனெல்லி கழுகு ஆகியவை அதில் முக்கியமானவை. தேவாங்கு, எறும்புத்தின்னி, மலைப்பாம்பும் உண்டு. நாங்கள் பார்த்தது என்ன பறவை என்று மாணவர்கள் இருவருக்குள்ளும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை.

மஞ்சள் நிற வசந்தம்

மலையை விட்டு இறங்கி வயலுக்குள் நுழைந்ததும் எனக்கு முதல் ஏமாற்றம். பச்சைப் பசேல் வயல்வெளியில் போட்டோ எடுத்து இந்தக் கட்டுரைக்கு முகப்புப் படமாக வைக்கலாம் என்று திட்டமிட்டிருந்தேன். கண்ணுக்கு எட்டிய தூரமெல்லாம் மஞ்சள்!

‘வசந்தம்’ என்று தேடினால் இணையம் காட்டும் படங்கள் வேறு தேசத்து வசந்தம். பனி உருகி, புல் முளைத்து, எல்லாம் பச்சையாகிற பருவம் அது. மேலூர் வட்டாரம் பெரும்பாலும் ஒருபோகப் பாசனம். மழைக்காலத்தில் நட்ட நெல், மாசி பங்குனியில் அறுப்புக்கு வந்துவிடும். எனவே, இங்கே வசந்தம் என்பது அறுத்த தாளும், கட்டிப் போட்ட வைக்கோலும், மூட்டை கட்டி முடித்த நெல்லும்தான்.

பச்சை இல்லாமல் இல்லை. அதைப் பார்க்கத் தலையைக் கொஞ்சம் நிமிர்த்த வேண்டும். புங்கை மரங்கள் பழைய இலையைக் கொட்டிவிட்டு, எண்ணெய் தடவியதுபோலப் புதுத்தளிர் விட்டிருந்தன. இலுப்பையில் செம்பு நிறத்தில் கொழுந்து. வேப்பம்பூ வாசனை திடீரென வந்து, திடீரெனப் போனது. எங்கிருந்தோ குயில் ஒன்று விடாமல் கூப்பிட்டது. புளிய மரம் ஒன்றின்மீது ஏறிய ஆள் கிளையை உலுக்க, கீழே சாக்கு விரித்து இரண்டு பெண்கள் பழம் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். சிறுமிக்குக் கை நிறையப் புளியம்பழம் கிடைத்தது. அவளுடைய அம்மா, “பல்லு கூசும்டி” என்று சொல்லிவிட்டு ஒன்றை வாங்கி வாயில் போட்டுக்கொண்டார்.

தாள் வயல் ஒன்றில் நூற்றுக்கணக்கில் ஆடுகள். கிடை போட்டிருக்கிறார்கள். அறுப்பு முடிந்ததும் ஆட்டு மந்தைகளை ஓட்டிக்கொண்டு ஊர் ஊராக வருபவர்கள் கீதாரிகள். பகலில் ஆடுகள் மேயும். இரவில் ஒருவருடைய வயலில் மொத்த மந்தையையும் அடைப்பார்கள். புழுக்கையும் மூத்திரமும் அந்த வயலுக்கு உரம். அதற்கு விவசாயி கூலி கொடுப்பார். “ஒரு ராத்திரி கிடை, ஒரு வருசத்துக்குப் பேசும்” என்றார் வழிகாட்டி அண்ணன்.

நாங்கள் முப்பது பேர் நடந்துபோவதை ஆடுகள் ஏறிட்டும் பார்க்கவில்லை. நாய் மட்டும் கடமைக்கு நாலு குரைப்பு குரைத்தது.

கண்மாய்க் கரையில் ஒரு கணக்கு

அரிட்டாபட்டியின் ஏழு குன்றுகளும் வெறும் பாறைகளாகத்தான் வெளியாட்களுக்குத் தெரியும். ஊர்க்காரர்களுக்கு அவை கூரை. மழை பெய்தால் பாறை குடிக்காது. வழிந்து இறங்கும் தண்ணீரைக் கீழே கண்மாய்கள் பிடித்துக்கொள்கின்றன. ஒரு கண்மாய் நிறைந்ததும் கலுங்கு வழியாக அடுத்த கண்மாய்க்குப் போகிறது. மடை திறந்தால் வயலுக்குப் பாய்கிறது. ஆனைகொண்டான் கண்மாய் 16-ம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்தில் உருவானது என்கிறது அரசின் குறிப்பு. 72 ஏரிகள், 200 இயற்கை நீரூற்றுகள், 3 தடுப்பணைகள் என்றும் அதில் கணக்கு இருக்கிறது.

கண்மாய்க் கரையில் உட்கார்ந்து, கொண்டுவந்த இட்லிகளைப் பங்கு போட்டோம். தண்ணீர் நன்றாகவே கீழே போயிருந்தது. “இன்னும் வத்தட்டும். அழிகம்மா விடுவோம்ல... அப்ப வாங்க” என்றார் அண்ணன். கண்மாயில் தண்ணீர் குறைந்ததும் ஊரே இறங்கி மீன் பிடிக்கும் திருவிழாவைச் சொல்கிறார். பெரியவர்கள் வெள்ளைத் துண்டு வீசியதும், ஊத்தாவோடும் கச்சாவோடும் எல்லோரும் பாய்வார்கள். அன்றைக்கு எல்லா வீட்டிலும் மீன் குழம்பு. அந்த மீனை யாரும் விற்க மாட்டார்கள்.

பாறையில் விழுந்த மழை கண்மாய்க்கு வந்து, நெல்லாகி, தாளாகி, ஆட்டுக்குத் தீனியாகி, உரமாகி மறுபடி வயலுக்குப் போகிறது. மிச்சத் தண்ணீரில் மீன். இரண்டு மணி நேர நடையில் இத்தனையும் வரிசையாகக் கண்ணில் பட்டுவிட்டன. இதில் எதுவும் நான் டைப் செய்த செய்திகளில் இல்லை.

வரைபடத்தில் ஒரு கட்டம்

அந்தச் செய்திகளில் என்ன இருந்தது? சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

2022 நவம்பர் 22 அன்று, அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களில் உள்ள 193.215 ஹெக்டேர் பகுதியைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பர்யத் தலமாக மாநில அரசு அறிவித்தது. 2002-ம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டத்தின் கீழ் வந்த அறிவிப்பு அது.

கிட்டத்தட்ட இரண்டு வருடம். 2024 நவம்பர் 7 அன்று, மத்திய சுரங்க அமைச்சகம் ஏலம் விட்ட கனிமப் பகுதிகளின் முடிவுகள் வெளிவந்தன. அதில் ஒன்று, ‘நாயக்கர்பட்டி டங்ஸ்டன் பிளாக்’. பரப்பளவு 2015.51 ஹெக்டேர். ஏலத்தில் தேர்வானது இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம். பழைய குண்டு பல்புக்குள் இருக்கும் மெல்லிய இழை டங்ஸ்டன்தான். உலோகங்களிலேயே மிக அதிக வெப்பத்தில், 3,422 டிகிரி செல்சியஸில் உருகுவது. துளையிடும் கருவிகள் முதல் ராணுவத் தளவாடங்கள்வரை தேவைப்படும் கனிமம்.

அந்த பிளாக்குக்குள் பல்லுயிர்த் தலத்தின் பகுதியும் வந்தது. சுற்றிலும் உள்ள கிராமங்களின் வயல்களும் கண்மாய்களும் கோயில்களும் வீடுகளும் வந்தன. மக்கள் கொதித்தார்கள். மேலூர் வட்டாரத்துக்குத் தோண்டினால் என்ன ஆகும் என்பது தெரியும். கிரானைட் குவாரி முறைகேடுகள் பற்றி 2012-ல் அன்றைய மாவட்ட ஆட்சியர் உ.சகாயம் அனுப்பிய அறிக்கை தமிழ்நாட்டையே அதிரவைத்தது. அறுத்தெடுத்த மலைகளையும் தண்ணீர் தேங்கிக் கிடக்கும் குழிகளையும் பார்த்து வளர்ந்த தலைமுறை இது.

கிராம சபைகளில் தீர்மானம் போட்டார்கள். 2024 டிசம்பர் 9 அன்று சட்டமன்றமும் ஏலத்தை ரத்து செய்யக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 7 அன்று, நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளத்தை நோக்கி ஆயிரக்கணக்கானோர் பேரணியாகப் புறப்பட்டார்கள். கைக்குழந்தையோடு பெண்கள், கம்பு ஊன்றிய முதியவர்கள், டிராக்டர்கள் என்று அந்தச் சாலையே நிறைந்தது. ஜனவரி 23 அன்று, ஏலத்தை ரத்து செய்வதாக மத்திய அரசு அறிவித்தது.

அன்றைக்கு ‘பிரேக்கிங்’ போட்டுவிட்டு நான் அடுத்த செய்திக்குப் போய்விட்டேன். செய்திக்காரர்களின் உலகம் அப்படித்தான்.

“எழுபது சென்ட்டு, தாயி”

மீனாட்சிபுரத்தை நெருங்கும்போது வெயில் ஏறிவிட்டது. சுகர் ஐயா வரப்பில் உட்கார்ந்துவிட்டார். பக்கத்து வயலில் வைக்கோல் ஒதுக்கிக்கொண்டிருந்த ஒரு பாட்டி, எங்களைப் பார்த்ததும் வேலையை நிறுத்திவிட்டு, தூக்குச் சட்டியிலிருந்து நீராகாரம் ஊற்றிக் கொடுத்தார். வயது எழுபதுக்கு மேல் இருக்கும்.

“எங்கிட்டு இருந்து வர்றீக?”

“மதுரைல இருந்து பாட்டி. சும்மா நடக்க வந்தோம்.”

“சும்மா நடக்கவா? நாங்க வேலைக்கு நடக்கிறோம், நீங்க நடக்கிறதுக்கே வந்திருக்கீக!” பொக்கை வாயில் ஒரு சிரிப்பு.

இது உங்கள் வயலா என்று கேட்டேன். “எழுபது சென்ட்டு, தாயி. எம் மாமியா காலத்துல இருந்து.”

சிறுமிக்கு உடனே பழைய சந்தேகம் ஞாபகம் வந்துவிட்டது. “பாட்டி, ஒரு ஹெக்டேர்னா எவ்வளவு பெருசு?”

பாட்டிக்கு ஹெக்டேர் புரியவில்லை. ரெண்டரை ஏக்கர் என்று நான் மொழிபெயர்த்தேன். அவர் இடுப்பில் கைவைத்து வயலைச் சுற்றிப் பார்த்தார்.

“ஒரு ஏக்கரு நாத்து நட பதினஞ்சு பொம்பளையாளு வேணும், விடிஞ்சு வந்தா பொழுது சாயுற வரைக்கும். அப்ப ரெண்டரைக்கு நீயே கணக்குப் போட்டுக்க. முப்பத்தஞ்சு, நாப்பது பேரு இடுப்பு நோகுற அளவுக்குப் பெருசு.”

சிறுமி வாயைப் பிளந்தாள். “அப்போ ரெண்டாயிரம் ஹெக்டேருக்கு?”

பாட்டி எங்கள் முகத்தைப் பார்த்தார். எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று புரிந்துவிட்டது.

“அதுக்குத்தாம்மா மார்கழில மதுரைக்கு நடந்தோம்.”

மேற்கொண்டு கேட்டபோது, பாட்டி ஒன்றும் பெருமை பேசவில்லை. முழுத் தூரமும் நடக்க முடியவில்லை, பாதியில் டிராக்டரில் ஏற்றிக்கொண்டார்கள் என்றார். மூன்று நாள் கால் வீங்கிக் கிடந்ததாம்.

“இப்ப நிம்மதியா இருக்கீங்களா பாட்டி?”

“என்ன நிம்மதி... மயிலு வந்து கருதைத் தின்னுருது. நீங்க எல்லாம் மயிலைப் பாத்தா போட்டா எடுப்பீக. எனக்கு கல்லைத் தூக்கி எறியலாம்னு வரும். பேரன் திருப்பூர்ல இருக்கான், இந்த வயலுக்கு அவன் வருவானோ மாட்டானோ. ஆளு கெடைக்கல, மிசினு வாடகை ஏறிப்போச்சு.” கொஞ்சம் நிறுத்தினார். “ஆனா, வெதைக்கிறதா வேணாமானு இப்ப நானா முடிவு பண்ணுறேன். அப்ப அது எங்கையில இல்லையே.”

இதைத்தான் அந்த மூன்று மாதமும் நான் எழுதத் தவறினேன் என்று தோன்றியது. சுரங்கம் வேண்டுமா, வேண்டாமா என்று நாங்கள் வாக்கெடுப்புகூட நடத்தினோம். இந்த ஊரில் வாழ்க்கை சொர்க்கமாக இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. கஷ்டமோ நஷ்டமோ, தங்கள் நிலத்தை என்ன செய்வது என்று கேட்கப்பட வேண்டியவர்கள் நாங்கள் என்றுதான் சொன்னார்கள். ஏலம் ரத்தான பிறகும், இந்தப் பகுதியைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவிக்க வேண்டும் என்று விவசாயிகள் கேட்பது அதனால்தான்.

நடந்தால் நீளும் ஊர்

மீனாட்சிபுரத்தில் டீ குடித்தோம். பைக்கில் வந்திருந்தால் பத்தே நிமிடத்தில் தாண்டிப் போயிருப்போம். நடந்தபோது நான்கு மணி நேரம் ஆகியிருந்தது. அதில் பாதி நேரம் நின்று பார்த்ததிலும் பேசியதிலும் போனது.

கிளம்பும்போது சிறுமியிடம் கேட்டேன். “இப்போ ஹெக்டேர்னா எவ்வளவு பெருசுன்னு தெரிஞ்சுதா?”

“ம்ம்... நாப்பது பாட்டி!”

அடுத்த முறை ‘ஹெக்டேர்’ என்று டைப் செய்யும்போது, எனக்கும் அந்தக் கணக்குதான் முதலில் ஞாபகம் வரும்.

நீங்களும் நடக்கப் போகிறீர்களா? சில குறிப்புகள்

* வயல் தனியார் நிலம். உள்ளூர் ஆள் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, அனுமதி கேட்டுப் போங்கள். அவருக்கு அன்றைய கூலியைக் கொடுத்துவிடுங்கள்.

* வரப்பில் ஒருவர் பின் ஒருவராக நடங்கள். பக்கவாட்டில் நடந்தால் வரப்பு சரியும். மடையை மிதிக்காதீர்கள்.

* பங்குனி வெயில் ஒன்பது மணிக்கே சுடும். ஆறு மணிக்குத் தொடங்கி பத்துக்குள் முடிப்பது நல்லது. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், தொப்பி அல்லது துண்டு அவசியம்.

* வரப்புப் பொந்துகளில் கை, கால் விடாதீர்கள். பாம்பு இருக்கலாம்.

* பாறைகளில் பெயர் எழுதுவது, கல்வெட்டின்மேல் சாக்பீஸ் தேய்ப்பது கூடவே கூடாது. வல்லூறுகள் கூடு கட்டும் பாறைகளுக்கு அருகில் சத்தமும் ட்ரோனும் வேண்டாம்.

* ஊர்க்காரர்கள் செருப்பைக் கழற்றும் இடத்தில் நீங்களும் கழற்றிவிடுங்கள்.

* குழந்தைகளைக் கூட்டிப்போங்கள். நமக்குத் தோன்றாத கேள்வியை அவர்கள்தான் கேட்பார்கள்!